அழுகிய முட்டை வாடைக்கும் என் கணவரின் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா?

கேள்வி: என் கணவருக்கு வயது 57. நகராட்சிக் கழிவுநீர் நீரேற்று நிலையத்தில் 22 வருடம் மோட்டார் ஆபரேட்டராக இருந்தார். ஐந்து மாதத்துக்கு முன் பெருங்குடலில் கட்டி என்று ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். மூன்றாம் நிலை என்றார்கள். இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆக்ஸாலிப்ளாட்டின் டிரிப், அதோடு 14 நாள் கேபசிடபைன் மாத்திரை. நான்கு சுற்று முடிந்துவிட்டது, இன்னும் நான்கு பாக்கி.

ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு வாயு பிரிந்தால் அழுகிய முட்டை வாடை தாங்க முடியவில்லை. நோய் திரும்பிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. மகன் வாட்ஸ்அப்பில் மூன்று செய்தி அனுப்பினான். ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயுவைத் தின்றுதான் கட்டி வளர்கிறது, அதனால் பூண்டு, வெங்காயம், முட்டையை நிறுத்துங்கள் என்கிறது ஒன்று. பூண்டிலிருந்து வரும் அதே வாயு கட்டியைக் கொல்லும், தினம் நான்கு பூண்டு கேப்ஸ்யூல் சாப்பிடுங்கள் என்கிறது இன்னொன்று. குடல் வாயுவை முகர்ந்தாலே புற்றுநோய் வராது என்று இங்கிலாந்தில் கண்டுபிடித்திருப்பதாகச் சொல்கிறது மூன்றாவது. எதை நம்புவது? கேப்ஸ்யூல் ஒரு வாரமாகக் கொடுக்கிறேன். அவரோ, "அந்தக் குழி வாடைதான் எனக்கு இதைக் கொடுத்தது" என்கிறார். உடம்பு தேற தினம் நான்கு முட்டை, கோழி சூப், புரோட்டீன் பவுடர் கொடுத்து வருகிறேன். வாடைக்குக் கூச்சப்பட்டு அவர் இப்போது திண்ணையில்தான் படுக்கிறார்.

பதில்: அம்மா, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பூண்டு கேப்ஸ்யூலை இன்றே நிறுத்துங்கள். குழம்பிலும் ரசத்திலும் போடும் பூண்டு இருக்கட்டும். வாடை மட்டும் வந்தால் நோய் திரும்பியதாக அர்த்தம் கிடையாது. குழி வாடைதான் இந்த நோயைக் கொடுத்தது என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. விளக்கம் வேண்டாம் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் மகன் இன்னும் பத்துச் செய்தி அனுப்புவான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் வயதுக்காரர்கள் பலருக்கு இந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கல்லூரி நாளிலேயே பழக்கம். உப்புப் பகுப்பாய்வு வகுப்பில் கிப் உபகரணம் என்று ஒரு கண்ணாடிக் குடுவை இருக்கும். உள்ளே இரும்பு சல்ஃபைடு துண்டுகள், மேலிருந்து அமிலம். குழாயைத் திறந்தால் வாயு வரும், காட்மியம் இருந்தால் மஞ்சளாகவும் ஈயம் இருந்தால் கருப்பாகவும் வண்டல் படியும். மதியச் சாப்பாடு வரை அந்த வாடை சட்டையை விட்டுப் போகாது. பத்து கோடிப் பங்கு காற்றில் ஒரு பங்கு கலந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். அதனால்தான் உங்கள் வீட்டிலும் இவ்வளவு சங்கடம். வாடை பலமாக இருக்கிறது என்பதால் வாயு நிறைய இருக்கிறது என்று கணக்குப் போட முடியாது.

உங்கள் கணவரின் வேலைக்கு வருகிறேன். இந்த வாயுவின் கொடூரமான முகம் அங்கேதான் இருக்கிறது. கழிவுநீரில் காற்று இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றுகின்றன. காற்றைவிடக் கனமானது என்பதால் குழியின் அடியில் தேங்கி நிற்கும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குப் போனால் சில நிமிடத்தில் மூக்கு மரத்துப்போகும். வாடை போய்விட்டது என்று நினைத்து ஆள் உள்ளே இறங்குவார். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் ஓரிரு மூச்சிலேயே சுருண்டு விழுந்துவிடுவார். செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியை அது அடைத்துவிடுகிறது. சயனைடு செய்வதும் இதே வேலைதான். ஒருவரைக் காப்பாற்ற இறங்கி இன்னொருவரும் பலியாகும் செய்தியை நம் ஊரில் எத்தனை முறை படித்திருக்கிறோம். 2013லேயே சட்டம் போட்டுத் தடுத்த வேலை இது. ஆனாலும் ஆட்களை இறக்குவது நின்றபாடில்லை.

ஆனால் இதெல்லாம் மூச்சடைத்துக் கொல்லும் கதை. சிறிய அளவில் வருடக்கணக்காக முகர்ந்தால் பெருங்குடலில் புற்றுநோய் வரும் என்று யாரும் நிறுவவில்லை. நியூசிலாந்தில் ரோட்டோருவா என்று ஓர் ஊர். பூமிக்கடியில் இருக்கும் வெப்பத்தால் வெந்நீர் ஊற்றுகளும் இந்த வாயுவும் ஊருக்குள்ளேயே வந்துகொண்டிருக்கும். பிறந்ததிலிருந்து அந்த வாடையில் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே 1,600க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஆஸ்துமாவும் நினைவாற்றலும் பாதிக்கப்படுகின்றனவா என்று பார்த்தார்கள், பாதிப்பு தெரியவில்லை. அது புற்றுநோய்க்கான ஆய்வு இல்லைதான். இருந்தாலும் "வாடை உடம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது" என்று உங்கள் கணவர் நினைக்கிறாரே, அப்படி நடப்பதில்லை. மூச்சில் போன கொஞ்ச வாயுவை உடம்பு ஆக்ஸிஜனேற்றம் செய்து சிறுநீரில் தள்ளிவிடும்.

ஏன் எனக்கு வந்தது என்று கேட்காத நோயாளியை நான் பார்த்ததில்லை. வயது, குடலில் வளரும் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி, குடும்ப வரலாறு, உடல் பருமன், மது, புகை, பதப்படுத்திய இறைச்சி என்று காரணப் பட்டியல் இருக்கிறது. ஒரு தனி மனிதரிடம் போய் "இதனால்தான்" என்று விரல் நீட்ட பெரும்பாலும் முடியாது. 22 வருடம் ஊர் கழிவை ஊருக்கு வெளியே அனுப்பியவர், அந்த வேலை தன்னைத் தின்றுவிட்டது என்று நினைப்பதில் நியாயமான ஒரு கோபம் இருக்கிறது. அந்தக் கோபத்தோடு நான் வாதிடப் போவதில்லை. இந்த நோய்க்கு அந்த வாயுதான் காரணம் என்று மட்டும் என்னால் எழுதித் தர முடியாது.

சரி, இப்போது மகனின் செய்திகள்.

1996 வரை ஹைட்ரஜன் சல்ஃபைடு என்றால் விஷம், அவ்வளவுதான். அந்த வருடம் ஜப்பானில் அபே, கிமுரா என்ற இருவர் நம் மூளையே இந்த வாயுவைச் சிறிய அளவில் தயாரிக்கிறது, நரம்பு செல்கள் அதைச் சேதி சொல்லப் பயன்படுத்துவது போலத் தெரிகிறது என்று எழுதினார்கள். அதன் பிறகுதான் ஆராய்ச்சி சூடு பிடித்தது. சாப்பாட்டுப் புரதத்தில் இருக்கும் சிஸ்டீன் என்ற கந்தக அமினோ அமிலத்திலிருந்து மூன்று நொதிகள் இதைச் செய்கின்றன. சி.பி.எஸ்., சி.எஸ்.இ., 3-எம்.எஸ்.டி. என்று அவற்றைச் சுருக்கமாகச் சொல்வார்கள். ரத்தக் குழாயைத் தளர்த்துவது, அழற்சியைக் கட்டுப்படுத்துவது என்று இந்த வாயுவுக்கு நிறைய வேலை. சி.எஸ்.இ. இல்லாமல் பிறக்கவைத்த எலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியதை 2008ல் காட்டினார்கள். ஆக, இந்த வாயு துளிகூட இல்லாத உடம்பு கிடையாது. அதை முழுக்க ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் கூடாது.

முதல் செய்தியின் வேர் 2013ல் இருக்கிறது. டெக்சாஸ் மாநிலம் கால்வெஸ்டனில் சாபா சாபோ குழுவினர் பெருங்குடல் புற்றுநோயாளிகளின் கட்டியையும் பக்கத்தில் இருந்த நல்ல திசுவையும் எடுத்து ஒப்பிட்டார்கள். கட்டியில் சி.பி.எஸ். நொதி எக்கச்சக்கமாக இருந்தது. அதிலிருந்து வரும் வாயு இரண்டு வேலை செய்தது. மைட்டோகாண்ட்ரியாவுக்கு எலக்ட்ரான் கொடுத்துக் கட்டிக்கு வேண்டிய ஆற்றலைக் கூட்டியது. சுற்றிலும் புதிய ரத்தக் குழாய் முளைக்கவும் வைத்தது. நொதியை அடக்கியபோது எலிகளில் கட்டி வளரும் வேகம் குறைந்தது. 5-எஃப்.யு. மருந்துக்கு மசியாத பெருங்குடல் புற்றுநோய் செல்களில் இந்த நொதிகள் இன்னும் கூடியிருப்பதையும் பிறகு பார்த்தார்கள். உங்கள் கணவர் சாப்பிடும் கேபசிடபைன் உடம்புக்குள் போய் 5-எஃப்.யு.வாகத்தான் மாறுகிறது. அதனால் இந்தத் தகவல் எனக்கும் முக்கியமானது.

ஆனால் கவனியுங்கள். அந்த வாயு கட்டிக்குள், கட்டியின் சொந்த நொதியால், சிஸ்டீனிலிருந்து உருவாகிறது. சிஸ்டீன் முட்டையிலும் இருக்கிறது, பருப்பிலும் இருக்கிறது, சாப்பாடு குறைந்தால் மற்றொரு அமினோ அமிலத்திலிருந்து உடம்பே தயாரித்துக்கொள்கிறது. முட்டையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும் என்பது வாட்ஸ்அப் சேர்த்த மசாலா. பட்டினி கிடப்பது உங்கள் கணவரின் தசைதான்.

இரண்டாவது செய்தியும் ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. 2011ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில், ஹைட்ரஜன் சல்ஃபைடை மெதுவாகக் கசியவிடும் ஜி.ஒய்.ஒய்.4137 என்ற பொருளை ஏழு வகை மனிதப் புற்றுநோய் செல்களின் மேல் நாள்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். ஏழும் செத்தன, நல்ல செல்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இதில் சுவாரசியம் என்னவென்றால், அந்த ஏழில் ஒன்று எச்.சி.டி.116 என்ற பெருங்குடல் புற்றுநோய் செல். கால்வெஸ்டனிலும் அதே செல்லைத்தான் பயன்படுத்தினார்கள். ஓர் ஊரில் அந்த செல்லுக்கு இந்த வாயு தீனி, இன்னோர் ஊரில் எமன்.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அளவுதான் மாறுகிறது. செல் தானே செய்துகொள்ளும் கொஞ்ச அளவு அதற்கு உதவுகிறது. அதற்கு மேல் வெளியிலிருந்து நிறையக் கொட்டினால், குழிக்குள் இறங்கியவருக்கு என்ன ஆகிறதோ அதுதான் செல்லுக்கும் ஆகிறது. உப்பைப் போலத்தான். இதிலும் கட்டிக்குக் கட்டி வித்தியாசம் இருக்கிறது. பெருங்குடல், சினைப்பைப் புற்றுநோய்களில் சி.பி.எஸ். கூடுகிறது. கல்லீரல் புற்றுநோயில் அது குறைந்திருந்தால்தான் நோயாளியின் நிலை மோசமாகிறது. "இந்த வாயு புற்றுநோய்க்கு நல்லதா கெட்டதா" என்ற கேள்வியே அரைகுறை. எந்தக் கட்டி, எவ்வளவு, எங்கிருந்து வருகிறது என்று கேட்காத எந்தச் செய்தியையும் அப்படியே விட்டுவிடலாம். நொதியை அடக்கும் மருந்து, வாயுவைக் கொட்டும் மருந்து இரண்டையுமே ஆய்வகங்களில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். புற்றுநோய்க்கென்று அப்படி ஒரு மருந்து இன்றைக்கு நாங்கள் சீட்டில் எழுதும் நிலையில் இல்லை.

மூன்றாவது செய்தியைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன், மன்னியுங்கள். 2014ல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகம், மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நேராகப் போய்ச் சேரும் ஏ.பி.39 என்ற சேர்மத்தைப் பற்றி ஓர் அறிக்கை விட்டது. சிறிய அளவில் ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கொடுத்தால் சோர்ந்துபோன செல்கள் பிழைக்கின்றன என்பதுதான் விஷயம். அறிக்கையில் "அழுகிய முட்டை வாயு" என்றும் குடல் வாயுவில் இருப்பது என்றும் ஒரு வரி இருந்தது. உலகப் பத்திரிகைகளுக்கு அது போதாதா? வாயுவை முகர்ந்தால் புற்றுநோய் வராது என்று தலைப்புப் போட்டார்கள். பெரிய பத்திரிகை ஒன்று பிறகு திருத்தமும் போட்டது. திருத்தத்தை யார் ஃபார்வர்டு செய்கிறார்கள்?

வாயு என்றதும் இன்னொரு ஆய்வும் நினைவுக்கு வருகிறது. 1998ல் அமெரிக்காவில் மினியாபொலிஸில் மைக்கேல் லெவிட் குழுவினர் நல்ல ஆரோக்கியமான 16 பேரிடமிருந்து பிரிந்த வாயுவைப் பையில் பிடித்து, இரண்டு பேரை முகரவைத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். மருத்துவத்தில் இப்படியும் வேலை உண்டு! முக்கால்வாசி வாயுவுக்கு வாசனையே கிடையாது, நாற்றத்துக்கு முக்கியக் காரணம் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று தெரிந்தது. முகரக் கொடுத்த 16 பேருக்கும் எந்த நோயும் இல்லை என்பதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

அவருக்கு ஏன் இப்போது கூடியிருக்கிறது என்பதற்கு விடை உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியிலேயே இருக்கிறது. நான்கு முட்டை, கோழி சூப், புரோட்டீன் பவுடர். சிறுகுடலில் செரித்து முடியாத புரதம் பெருங்குடலுக்குப் போனால் அங்கிருக்கும் பாக்டீரியாக்களுக்கு அது விருந்து. அதிலுள்ள கந்தகம் இந்த வாயுவாக வெளியே வரும். ஆபரேஷனில் குடலின் ஒரு பகுதி போயிருக்கிறது, ஆன்டிபயாட்டிக் போட்டிருப்பார்கள், கீமோவால் குடல் சுவர் சோர்ந்திருக்கிறது. இதோடு ஒரு வாரமாகப் பூண்டு கேப்ஸ்யூலும் சேர்ந்திருக்கிறது. வாடை வராமல் இருந்தால்தான் நான் ஆச்சரியப்படுவேன்.

ஆனால் முட்டையைக் குறைத்துவிடாதீர்கள். கீமோ நடக்கும்போது புரதம் வேண்டும். ஒரே வேளையில் நான்கு கொடுக்காமல் காலை இரண்டு, மாலை இரண்டு என்று பிரியுங்கள். முட்டையும் சூப்பும் சரியாகச் சாப்பிடுகிறார் என்றால் பவுடர் தேவையா என்று உங்கள் மருத்துவமனை உணவு ஆலோசகரிடம் கேளுங்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கியைச் சில நாள் தள்ளிவைத்துப் பாருங்கள். வயிற்றுப்போக்கு இல்லாத நாட்களில் தயிர் சாதத்தோடு வெந்த காய், வாழைப்பழம் கொடுக்கலாம். வயிற்றுப்போக்கு இருக்கும்போது நார்ச்சத்தைத் திணிக்க வேண்டாம். கேபசிடபைன் சாப்பிடும்போது ஒரு நாளில் வழக்கத்தைவிட நான்கு முறையோ அதற்கு மேலோ கூடுதலாகப் போனால் அடுத்த மாத்திரைக்கு முன்பே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.

குடல் பாக்டீரியாக்கள் செய்யும் வாயுவுக்கும் குடல் புற்றுநோய்க்கும் தொடர்பு பற்றிய ஆராய்ச்சி ஒன்று உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. கொழுப்பும் இறைச்சியும் அதிகமானால் பித்தநீரில் கந்தகம் கொண்ட டாரின் கூடும், அதைத் தின்று சல்ஃபைடு விடும் பாக்டீரியாக்கள் பெருகும். நிறையச் சேர்ந்தால் அது குடல் செல்லின் டி.என்.ஏ.வைச் சிதைக்கக்கூடும் என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். குடல் செல்களுக்கு அதை உடைத்தெறியும் நொதிகளும் உண்டு, சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. 2015ல் 20 ஆப்பிரிக்க அமெரிக்கர்களையும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர் 20 பேரையும் இரண்டே வாரம் சாப்பாட்டை மாற்றிக்கொள்ளவைத்தார்கள். நார்ச்சத்து கூடி, கொழுப்பும் இறைச்சியும் குறைந்தவர்களின் குடல் சுவரில் புற்றுநோய் அபாயத்தைக் காட்டும் அடையாளங்கள் இறங்கின, மறுபக்கத்தில் ஏறின. இதில் சல்ஃபைடின் பங்கு எவ்வளவு, மற்றவற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆட்டிறைச்சியை அளவோடு வைத்துக்கொள்ளலாம். கீமோ முடிந்து வயிறு நிதானமானதும் சிறுதானியம், பயறு, கீரை என்று மெல்லக் கூட்டலாம். அதற்கு இந்த வாயுவின் பெயரே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பூண்டுக்கு வருகிறேன். பூண்டை நசுக்கும்போது வரும் கந்தகச் சேர்மங்களை நம் சிவப்பணுக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றி ரத்தக் குழாயைத் தளர்த்துகின்றன என்று 2007ல் அலபாமாவில் கண்டார்கள். உண்மைதான். ஆனால் அந்தத் துளி வாயுவுக்கும் சிங்கப்பூரில் செல்களின் மேல் கொட்டிய அளவுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. மனிதர்களிடம் செய்த பெரிய சோதனை சீனாவின் ஷாண்டாங் மாகாணத்தில் நடந்தது. 3,000க்கும் மேற்பட்டவர்கள் பங்கெடுத்தார்கள், ஒரு பகுதியினருக்கு ஏழு வருடத்துக்கு மேல் பூண்டுச் சாறும் எண்ணெயும் கொடுத்தார்கள். 22 வருடம் கழித்துப் பார்த்தபோது இரைப்பைப் புற்றுநோயால் இறந்தவர்கள் அந்தக் குழுவில் குறைவு. நோய் வந்தவர்களின் எண்ணிக்கையில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதுவும் இரைப்பை, அதுவும் வராமல் தடுக்க. வந்த குடல் புற்றுநோயைக் கேப்ஸ்யூல் கரைக்கும் என்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

நிறுத்தச் சொன்னதற்குக் காரணம் வேறு. அடர்த்தியான பூண்டு மாத்திரை, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கும். ஆக்ஸாலிப்ளாட்டின் ஏற்கெனவே பிளேட்லெட்டைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் ரத்தக் கசிவு ஆபத்து. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் இன்னும் மோசம். பூண்டு மாத்திரை சில மருந்துகளின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும் என்பதும் தெரியும். சாக்வினவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து பாதியாகக் குறைந்திருக்கிறது. ஒரு வாரம் கொடுத்ததற்காகப் பதற வேண்டாம். அடுத்த முறை போகும்போது டப்பாவைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள்.

நோய் திரும்புகிறதா என்று பார்ப்பதற்கு வழி இருக்கிறது. சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை, சி.டி. ஸ்கேன், ஆபரேஷனிலிருந்து ஒரு வருடத்தில் குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி. தேதிகளைச் சமையலறைக் காலண்டரில் குறித்துவையுங்கள். மலத்தில் ரத்தம், இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடாமலே தார் போல் கருத்த மலம், காரணமில்லாமல் எடை இறங்குவது இவற்றுக்குக் காத்திருக்காமல் போங்கள். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, வாயுவே பிரியாமல் நின்றுபோனால் அன்றிரவே போக வேண்டும். வாயு பிரிகிறது என்றால் குடல் முழுதாக அடைபடவில்லை என்று அர்த்தம், அந்த வகையில் எங்களுக்கு அது நல்ல சத்தம்.

மகனுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்திருப்பதால் மகனுக்கு 40 வயது ஆகும்போது கொலனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். உங்களுக்கு வேறு பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும்தான். இதை அவர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவையுங்கள்.

கடைசியாகத் திண்ணை. ஆக்ஸாலிப்ளாட்டின் போட்டவர்களுக்குக் குளிர் பட்டால் விரல் நுனி, பாதம், தொண்டை எல்லாம் சுரீரென்று மரத்துக் குத்தும். இது மார்கழி மாதம். விடியற்காலைப் பனியில் வெளியே படுப்பது அவருக்கு ஆகாது. உள்ளே கூப்பிடுங்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்து, காலுக்கு உறை, போர்த்திக்கொள்ளக் கம்பளி கொடுங்கள்.